கௌளியம்மனுக்கு வெட்டுக்கிளிப் படையல்

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலக்காட்டுக்கு நடுவில், ஒரு தகரக் கொட்டகையில் கௌளியம்மன் எழுந்தருளிவிட்டாள்! செவ்வாய், வெள்ளி வந்தால் போதும். பூப்பாறையிலிருந்து ஜீப், கம்பம்மெட்டிலிருந்து ஜீப், மலைக்குக் கீழே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப். காய் பறிக்க ஆள் ஏற்றிப் போகிற அதே ஜீப்புகள்தான். சாமி பார்க்கப் போகும்போது மட்டும் முகப்பில் எலுமிச்சம்பழம் தொங்கும். வேலைக்குக் கூப்பிட்டால் இடுப்புவலி என்று படுத்துக்கொள்பவர்கள்கூட அந்த ஏற்றத்தில் ஓடி ஏறினார்கள்.

அம்மன் என்றால் சிலை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு இருக்கும் ஒரு பல்லி. மஞ்சள் உடம்பு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு இமை கிடையாது. இதற்கு உண்டு. ஆகவே கண்ணை மூடித் திறந்தது.

"ஆத்தா என்னையப் பாத்துக் கண்ணச் சிமிட்டுனா!" என்று காய் பறிக்கிற சாந்தம்மாள் குப்புற விழுந்தாள்.

சாந்தம்மாளும்தான் பிறந்த நாளிலிருந்து கண்ணைச் சிமிட்டுகிறாள். அவளை ஒருவரும் விழுந்து கும்பிட்டதில்லை.

வீட்டுப் பல்லி சுவரில் ஏறும். இது ஏறாது, காலில் அந்த ஒட்டு கிடையாது. "பூமாதேவிய விட்டுப் பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணுனவ" என்று தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சடைமுடிச் சாமி விளக்கம் சொன்னார். ஓடாத ஜீப்பை அவரிடம் கொடுத்திருந்தால் அது மோன தவத்தில் நிற்கிறது என்றிருப்பார். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய அற்புதம் ஒன்று. தொட்டி மூலையில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் வெள்ளைப் பொடி. பல்லி மெதுவாக வந்து அதை நக்கும். திருநீறு தின்கிற பல்லி! கூட்டத்தின் குலவைச் சத்தம் அடுத்த மலையில் மோதித் திரும்பியது.

இந்தச் சாமியின் பெயர் பெரியமுத்து. கம்பத்தில் ஒரு அலங்கார மீன் கடையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர். மீனோடு கிளி, வெள்ளெலி, முயல் என்று வளர்ப்புப் பிராணிகளும் விற்ற கடை. கடையை மூடியபோது யாரும் வாங்காமல் மிஞ்சிப்போனது இந்தச் சிறுத்தைப் பல்லி. வறண்ட பாறைப் பூமியில் வாழ்கிற இனம். ஆசைக்கு வீட்டில் வளர்ப்பவர்கள் உண்டு. எப்படி வளர்ப்பது என்று பெரியமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னால் மீன் கடைக்காரர். அதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் சாமி. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாந்தன்பாறைக் குளிர் இந்தப் பல்லிக்கு ஆகாது. அதனால் தொட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சூடு தருகிற மின்பாய். மறுபாதி சூடில்லாமல் இருக்கும். பக்கத்துக்கு ஒரு மண்குகை, இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒரே பல்லி. சூடு வேண்டுமென்றால் இங்கே, போதுமென்றால் அங்கே. சாமியின் பாஷையில் இது அக்னி மூலை, அது வருண மூலை. அம்மன் அக்னி மூலையில் படுத்தால் கோபம், வருண மூலையில் படுத்தால் சாந்தம். பல்லி பகலெல்லாம் குகைக்குள் தூங்கிவிட்டு அந்தி மயங்கும்போது வெளியே வரும். அந்தத் தூக்கத்துக்கு யோக நித்திரை என்று பெயர் வைத்து, தரிசனத்தைச் சாயங்காலம் ஆக்கிவிட்டார். தோல் உரிக்கிற சமயத்துக்கு ஈரப்பாசி போட்ட ஒரு டப்பா. உரிந்த தோலைப் பல்லி தானே தின்றுவிடும். "தன் வினையத் தானே திங்கிறா, பாத்துக்கங்க!" என்றார் சாமி. பார்த்துக்கொண்டார்கள்.

தொட்டியில் மணல் போடக் கூடாது. பூச்சியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் தரைக்குக் காகிதத் துவாலை. சாமி அதற்கு வெண்பட்டு என்று பெயர் வைத்தார். அழுக்கான வெண்பட்டை, அம்மன் அதன்மேல் போட்டிருந்ததோடு சேர்த்து, பக்தர்கள் ஏலத்தில் எடுத்தார்கள். ஏலக்காய்க்கு விலை கேட்கும்போது முகம் சுளிக்கிற வியாபாரிகள் பல்லிப் புழுக்கைக்குப் போட்டி போட்டுக் கேட்டார்கள்.

சாப்பாடு மாவுப்புழு. சாமியே கோதுமைத் தவிட்டில் வளர்ப்பார். புழுவுக்குக் கேரட் துண்டு போடுவார். புழு கேரட் தின்று கொழுக்கும், கொழுத்த புழுவை வெள்ளைப் பொடியில் புரட்டிப் பல்லிக்குப் போடுவார். பொடி வேறொன்றுமில்லை, எலும்புக்கு உரம் தருகிற கால்சியம். கரண்ட் போனால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதே நேரத்தில் கீழே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில், ஒழுகுகிற தகரத்துக்கு அடியில், பக்தர்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக் கிடப்பார்கள். அவர்களுக்குச் சூடும் இல்லை, மாறிப் படுக்க இன்னொரு அறையும் இல்லை. அம்மனுக்குக் குறையில்லை என்பதே அவர்களுக்கு ஆறுதல்.

சந்நிதிக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. ஏலக்காட்டில் பூச்சிமருந்து அடித்த உடுப்போடு கொட்டகைக்குள் நுழையக் கூடாது, மூங்கில் தடுப்புக்கு அப்பால் நின்றே கும்பிட வேண்டும். வெளிப்பூச்சி எதையும் அம்மனுக்குப் படைக்கக் கூடாது. ஏன்? தீட்டு. தீட்டு என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பார்களா? கேட்டால் அதுவும் தீட்டாயிற்றே.

இதுவரைக்கும் நடந்தது வெறும் கூத்து என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இதற்குள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முனீஸ்வரன் நுழைந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது அந்த இடத்தில்தான்.

ஏலச்செடிக்குப் பூச்சி அதிகம், அதனால் மருந்தும் அதிகம். ஒரு சுற்று அடித்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ஓஸ் பிடித்து மருந்தடிக்கிற ஆட்கள் வாந்தி, தலைச்சுற்று என்று ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். முகமூடி, கையுறை, மேலுடுப்பு எல்லாம் தரவேண்டும், தராவிட்டால் சமரம் என்று பேச்சுக் கிளம்பியது. வேலை நிறுத்தம் என்றால் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும், முதலாளிக்குத் தூக்கம் போனால் கணக்கப்பிள்ளைக்கு வேலை போய்விடும். முனீஸ்வரன் கொட்டகைக்குப் போய்ச் சாமியோடு தனியாகப் பேசினார். மறு வெள்ளிக்கிழமை அம்மன் புது வரம் தந்தாள். அவள் நக்கிய திருநீற்றைப் பூசிச் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டால் மருந்து ஒன்றும் செய்யாதாம்!

முகமூடி என்றால் ஆளுக்கொன்று வேண்டும். பல்லி என்றால் தோட்டத்துக்கே ஒன்று போதும்.

முதல் கயிற்றைக் கட்டிக்கொண்டவன் சுருளிவேல். ஓஸ் பிடிப்பதில் தோட்டத்தில் அவன்தான் கெட்டிக்காரன். கொஞ்ச காலமாக அவனுக்கு விரல் நடுங்குகிறது. கண்ணில் காரணமில்லாமல் நீர் வழிகிறது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடும். அவன் மனைவி சிவசங்கரி அதே தோட்டத்தில் காய் பறிப்பவள். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் ஜோமோள் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இது மருந்து உடம்பில் ஏறியதன் கோளாறு, இன்னொரு சுற்று இப்படியே அடித்தால் ஆள் மிஞ்சுவது சந்தேகம்.

"கேட்டீங்கள்ல? அடுத்த சுத்துக்கு ஓஸத் தொடாதீங்க" என்றாள் சிவசங்கரி.

"டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? அவுகளுக்குக் காப்பப் பத்திப் படிப்புல சொல்லிக்குடுத்திருக்க மாட்டாக."

"காப்பு கட்டுன பெறகுதான கை கூட ஆடுது?"

"அது விஷம் எறங்குற ஆட்டம்டி. சாமியே சொல்லிருச்சு."

நடுக்கம் நின்றால் அம்மன் அருள், நடுக்கம் கூடினால் விஷம் இறங்குகிறது. செத்துப்போனால் முழுவதும் இறங்கிவிட்டது என்று சொல்வார்கள் போலும். இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற சூதாட்டத்தைச் சாமியார்களைத் தவிர வேறு யாரும் ஆட முடியாது.

சிவசங்கரி சாமியிடமே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள் கொட்டகைக்குப் போனாள். அன்றைக்குச் சாந்தம்மாள் பக்தி முற்றிப்போய், தன் வீட்டு அடுப்படியில் பிடித்த கரப்பான் ஒன்றை இலையில் மடித்து அம்மனுக்குக் கொண்டுவந்திருந்தாள். சாமி பதறி எழுந்தார்.

"எங்கன புடிச்ச? வீட்டுல மருந்து கிருந்து அடிச்சிருக்கியா?"

"மூலையில லேசா அடிச்சோம் சாமி."

சாமி இலையைத் தடுப்புக்கு அப்பால் வீசிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "தீட்டு! வெளிப்பூச்சி தீட்டுன்னு எத்தன தடவ சொல்றது?"

சாந்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிவசங்கரி போட்டுக்கொள்ளவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினாள். தீட்டு என்றால் தீட்டுத்தானே? மருந்து அடித்தாயா என்று எதற்காகக் கேட்க வேண்டும்? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனாள். அந்தத் தோட்டத்தில் அது அபூர்வமான காட்சி.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய பூஜை. மறுநாள் புதுச் சுற்று மருந்தடி தொடங்குகிறது. மருந்தடிக்கிற ஆட்கள் அத்தனை பேருக்கும் காப்புக் கட்டி, சுருளிவேலை அவர்களுக்குத் தலைவனாக்குவதாக ஏற்பாடு. கணக்கப்பிள்ளை வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொட்டகை நிறையக் கூட்டம். அந்தி மயங்கியது. பல்லி குகையை விட்டு வெளியே வந்து கண்ணைச் சிமிட்டியது. குலவை.

சிவசங்கரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குளித்து, ஈரத் தலையோடு, நெற்றி நிறையக் குங்குமம். கையில் மூடி போட்ட ஒரு பாட்டில்.

"சாமி, ஒரு சந்தேகம். இந்தத் திருநீறு பூசுனா மருந்து ஒண்ணும் செய்யாதுல்ல?"

"செய்யாது தாயி. காப்புப் பட்ட உயிர விஷம் தொடாது."

"மனுசருக்கு மட்டுமா, பூச்சி பொட்டுக்குமா?"

"சகல சீவனுக்கும்."

"ஆத்தாளுக்கு?"

கூட்டம் சிரித்தது. சாமியும் பெரிய மனதோடு சிரித்தார். "குடுக்கிறவளே அவதான? ஆலகாலத்தையே குடிச்சாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"நல்லது சாமி. எல்லாரும் கேட்டுக்கங்க." சிவசங்கரி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வெட்டுக்கிளிகள் துள்ளின. "எங்க வீட்டுக்காரருக்குச் சொகமாகணும்னு நேந்துக்கிட்டேன். ஆத்தாளுக்கு இது என் படையல்."

"அம்மா, வெளிப்பூச்சி தீட்டு..."

"தீட்டக் கழிக்கத்தான சாமி திருநீறு?" என்று சாமிக்குப் பக்கத்தில் இருந்த திருநீற்றுத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை எடுத்துப் பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கினாள். பூச்சிகள் வெளுத்துப்போயின. பூச்சியைப் பொடியில் புரட்டிக் கொடுப்பதுதான் பல்லி வளர்ப்பில் சரியான முறை. தெரியாமலே சரியாகச் செய்தாள்.

சாமியின் முகம் மாறியது. "எங்கன புடிச்ச?"

"ஏழாம் நம்பர் காட்டுல. காலம்பற இவரு பழைய சுத்துக்குக் கடைசியா மருந்தடிச்சு முடிச்சாரே, அங்கனதான்."

"இன்னைக்கு நாள் சரியில்ல. அடுத்த வாரம் பாப்போம் தாயி."

அப்போதுதான் கணக்கப்பிள்ளை தன் வாழ்நாளின் மகத்தான உதவியைச் செய்தார். அவருக்குப் பல்லியைப் பற்றியும் தெரியாது, பொடியைப் பற்றியும் தெரியாது. "போடட்டும் சாமி! ஆத்தா சாப்பிடுறதச் சனம் கண்ணாரப் பாக்கட்டும். நாளைக்கு ஓஸப் பிடிக்கிறவனுக்கு அப்பத்தான தைரியம் வரும்?" என்றார்.

"போடு மதினி! போடு!" என்று கூட்டமும் கத்தியது.

சிவசங்கரி தொட்டியின் வலைமூடியை நீக்கினாள். பாட்டிலைத் திறந்து சாய்க்கப் போனாள்.

"ஏய்! போடாத!" சாமி பாய்ந்து விழுந்து தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சடைமுடி கழன்று ஒரு பக்கம் தொங்கியது. "போடாதம்மா! மருந்து பட்ட பூச்சி! ஒண்ணு தின்னாலும் செத்துப்போகும்!"

குலவையிட வாயைத் திறந்த சாந்தம்மாள் திறந்தபடியே இருந்தாள்.

"எது சாமி செத்துப்போகும்?" என்றாள் சிவசங்கரி.

சாமி தொட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பூச்சிமேல நீங்க குடுத்த காப்பு இருக்கு. திங்கப்போறது ஆத்தா. பெறகு எது சாகும்?"

"இது சாதாரணப் பல்லிம்மா. வளர்க்கிற பல்லி" என்றார் பெரியமுத்து. "மீன் கடையில இருந்து கொண்டாந்தேன். மருந்து வாடையே இதுக்கு ஆகாது."

"அப்ப அந்தத் திருநீறு?"

"கால்சியம் பொடி. எலும்புக்கு."

"மருந்து உடுப்போட வந்தவகளத் தடுப்புக்கு அங்கிட்டு நிக்க வச்சீகளே, அது?"

"உடுப்புல இருந்து மருந்து உதிர்ந்திரும்லம்மா..."

கணக்கப்பிள்ளை எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். "ஆத்தாள இந்தப் பொம்பள சோதிக்க வந்துட்டா. தோசம் வரும்டா! எல்லாரும் எந்திரிச்சுப் போங்க" என்று கத்தினார். சிலர் எழுந்தும்விட்டார்கள். பழக்க தோஷம், கணக்கப்பிள்ளை சொன்னால் கால் தானாக எழுந்துகொள்ளும்.

"சங்கரி, நீ செஞ்சது பாவம்டி" என்றாள் சாந்தம்மாள். "ஆத்தா இல்லேன்னாலும் அது ஒரு உசுருதான? மருந்தடிச்ச காட்டுப் பூச்சிய அதுக்குப் போடப் பாத்தியே."

சிவசங்கரி பாட்டிலோடு வாசலுக்கு நடந்தாள். அங்கே அதைக் கவிழ்த்தாள். வெட்டுக்கிளிகள் வெள்ளைப் பொடியை உதறிக்கொண்டு புல்லுக்குள் துள்ளிப் போயின.

"ஏழாம் நம்பர்ல காய் பறிக்கிறவ நீ. அங்கன கடைசியா உசுரோட ஒரு வெட்டுக்கிளியப் பாத்தது எப்ப அக்கா?"

சாந்தம்மாள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அங்கன ஏதுடி வெட்டுக்கிளி..."

"இது பள்ளிக்கூடத்து மைதானத்துல புடிச்சது. பல்லிக்கு நல்ல தீனி. ஏழாம் நம்பர்னு நான் பொய் சொன்னேன். தினம் அந்தக் காட்டுல நிக்கிற நீங்க அம்புட்டுப் பேரும் நம்புனீக."

அத்தனை பேரும் நம்பினார்கள்! பூச்சியைக் கொல்வதற்காகத் தங்கள் கையாலேயே மருந்தடித்த காட்டிலிருந்து துள்ளத் துள்ள ஒரு பாட்டில் பூச்சி வந்தது என்றால், எப்படி என்று ஒரு தலைக்குள்ளும் கேள்வி எழவில்லை. கடவுள் விஷயத்தில் ஏமாந்தார்கள் என்றால் விட்டுவிடலாம், பார்த்தவர் யாருமில்லை. தினமும் நிற்கிற காட்டைப் பற்றியே ஒருத்தி பொய் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களை என்ன சொல்வது? எனக்கு வந்த கோபம் பெரியமுத்துமேல் இல்லை.

சுருளிவேல் எழுந்து நின்றான். மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். விரல் ஆடியது, முடிச்சு அகப்படவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தான். கண்ணில் நீர் வழிந்தது. அது மருந்துக் கோளாறா, வேறா என்று அவனுக்கே தெரியாது. சிவசங்கரி குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கணக்கப்பிள்ள ஐயா" என்றான் சுருளிவேல். குரல் மட்டும் ஆடவில்லை. "மருந்து உடுப்போட பல்லிகிட்டக்கூட வரக் கூடாதுன்னு தடுப்புக் கட்டுனாகளே. அந்த உடுப்போடதான்யா தினம் நான் எம்புள்ளையத் தூக்குறேன்."

கணக்கப்பிள்ளை மறுபடியும் வேட்டியைச் சரிசெய்தார். எழுந்து போக இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் கயிற்றை அறுத்து எறிந்தான். பிறகு பக்கத்தில் இருந்தவன்.

பெரியமுத்துவை அடிக்கச் சிலர் கை ஓங்கினார்கள். கும்பிட்ட கைதான், வேகம் குறைவாகவே இருந்தது. "பல்லிய மட்டும் ஒண்ணும் பண்ணிராதீங்கய்யா" என்று அவர் தொட்டியை விடாமல் அழுதார். சிவசங்கரிதான் அவர்களைத் தள்ளி நிறுத்தினாள். "அத எதுக்கு? அது பாவம், அது யாருக்கும் காப்புக் கட்டல" என்றாள். தொட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடைசி ஜீப்பில் பெரியமுத்து மலையிறங்கினார்.

மறுநாள் காலை, புதுச் சுற்று தொடங்கும் ஒன்றாம் நம்பர் காட்டில் மருந்து டிரம் தயாராக இருந்தது, மோட்டார் தயாராக இருந்தது. ஓஸைத் தொட ஆளில்லை. முகமூடியும் கையுறையும் உடுப்பும் வந்தால் தொடுவோம், சுருளிவேலுக்கு இனி மருந்தடி இல்லாத வேலை, ஆஸ்பத்திரிச் செலவு தோட்டத்துக்கு என்று சொல்லிவிட்டு எல்லாரும் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். சாந்தம்மாளும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிவசங்கரியின் காதில் மெல்லக் கேட்டாள்: "சாமி போலி, சரி. பூப்பாறையில ஒருத்தரு ஆமை வச்சிருக்காராமே, அது நெசமாடி?"

அந்தப் பல்லி நன்றாகத்தான் இருக்கும், ஐயா. அதற்குச் சூடு வேண்டுமா, குளிர்ச்சி வேண்டுமா, எதைத் தின்றால் சாகும் என்று யோசிக்க ஒருத்தர் இருக்கிறார். உங்களுக்கு எது வேண்டும், எது கொல்லும் என்று நீங்கள் யோசிக்காமல் விட்டால் அந்த வேலை அந்தரத்தில் நிற்காது, கணக்கப்பிள்ளை யோசித்துக்கொள்வார்.